காளைக்கன்றோடு பிறந்த கிடாரி ஏன் சினை பிடிக்கவில்லை?

தோவாளைப் பக்கம் மாடு வளர்க்கும் நீங்கள் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்; தீவனத்தையோ ஊசியையோ குறை சொல்ல வேண்டாம். இது கருவிலேயே நடந்த விஷயம். வயிற்றில் இரண்டு கன்றுகளின் ரத்தக் குழாய்களும் இணைந்துவிட்டால், காளையின் ஹார்மோன் கிடாரிக்குள் போய்ச் சூலகத்தைக் கெடுத்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்தில் ஒன்பது மலடுதான்.

1916-ல் இதை விளக்கியவர் அமெரிக்க உயிரியலாளர் ஃபிராங்க் லில்லி. உடல் ஆணாகுமா பெண்ணாகுமா என்பது மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்தவர்களை யோசிக்க வைத்தது இந்த மாடுதான். ஆண், பெண் உடல் உருவாவதை ஆராய்ந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

அப்புறம் 1947-ல் பிரான்ஸின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் ஆண் முயல் கருக்களின் விரையை நீக்கினார். அவை பெண் உடலமைப்போடு வளர்ந்தன. உடனே ‘பெண் உடல் தானாக உருவாவது’ என்று பலர் முடிவுகட்டியது அவசரம். சூலகம் உருவாகவும் தனி மரபணுக்கள் வேலை செய்ய வேண்டும்.

அடுத்த முறை இரட்டை பிறந்தால், கிடாரியைக் கன்றிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சோதித்துவிடுங்கள்.