வீட்டிலேயே அடைந்து கிடக்கும் நாய்க்கு, கைவசம் இருக்கும் பொருளை வைத்து மூளைக்கு வேலை தரும் விளையாட்டு ஏதாவது செய்து கொடுக்க முடியுமா?

முடியும். நாங்கள் மூன்று வருடமாகச் செய்துவருகிறோம். இதற்கென்று காசு கொடுத்து வாங்கியது ஏழு பந்து மட்டும்தான்.

பகலெல்லாம் குரைக்கிறது, செருப்பையும் மிதியடியையும் கிழிக்கிறது, கடைப் பொம்மை வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீடு, அதுவும் மாடி, காலையில் ஒரு தடவை இரவில் ஒரு தடவை வெளியே கூட்டிப்போய் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரரும் இதற்குள் ஏதாவது சொல்லியிருப்பார். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு எங்கள் செவலையின் முன்னங்கால்தான் ஞாபகம் வந்தது.

செவலை நாட்டு நாய். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கிடையாது. நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றங்கரையில் அப்பா விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் மோட்டார் கொட்டகையில் பிறந்த குட்டி. அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டால் அதுவும் கிளம்பிவிடும். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டால் பாதி நாள் வாய்க்காலில்தான் கிடக்கும். அறுவடை முடிந்த வயலில் அதற்கு வேறு வேலை, எலி வளை தேடுவது. வரப்போடு மூக்கை வைத்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்று பறிக்கும். ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய் இருக்கும். அப்பா ஒரு வாயைத் தோண்ட ஆரம்பித்தால் அது சுற்றிக்கொண்டு போய் இன்னொரு வாயில் காத்திருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைக் கும்பகோணத்துக்கு என் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டேன். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். செவலையை விட்டுவர அப்பாவுக்கு மனம் வரவில்லை. தெருவில் விடவும் முடியாது, பஸ் போகிற தெரு. கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டினோம். நேரத்துக்குச் சோறு, வாரம் இரண்டு நாள் கோழி, வெயில் படாத இடம். ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே மாதத்தில் முன்னங்காலை நக்கி நக்கி முடியெல்லாம் போய் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். மருந்து தடவினால் அதையும் சேர்த்து நக்கியது. மருத்துவர் சொறி இல்லை, உண்ணி இல்லை என்று பார்த்து முடித்துவிட்டு, "இது ஊர்ல என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். "இப்ப என்ன பண்ணுது?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இதுக்கு ஏதாவது வேலை குடுங்க. சாப்பாட்டையே தேடி எடுக்கற மாதிரி வையுங்க" என்று அனுப்பினார்.

அன்று சாயங்காலம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அப்பா, "பாப்பா, அந்தப் பிடி போன பணியாரச் சட்டியை எடுத்துட்டு வா" என்றார். ஏழு குழி உள்ள பழைய இரும்புச் சட்டி. குழிக்கு ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு போட்டார். இரண்டு குழியின் மேல் மட்டும் என் பையனின் டென்னிஸ் பந்தை வைத்தார். வீட்டில் இரண்டு பந்துதான் இருந்தது, மீதிக் குழிகளைத் திறந்தே விட்டார். செவலை திறந்த குழிகளைக் காலி செய்துவிட்டு, உட்கார்ந்து அப்பா முகத்தையே பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பந்தை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி வைத்தார். அது மூக்கைப் பந்துக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியது. பந்து உருண்டு துளசி மாடத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது பந்துக்கு அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள்தான் ஏழு பந்து வாங்கிவந்தேன். பந்து நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவாக இருக்க வேண்டும், சின்ன ரப்பர் பந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சட்டியில் இப்போது எல்லாக் குழியிலும் தீனி வைப்பதில்லை, மூன்றில் மட்டும் வைத்து ஏழையும் மூடுகிறோம். அப்போதுதான் மோந்து பார்த்து எடுக்கும், இல்லாவிட்டால் காலால் எல்லாவற்றையும் தட்டிவிடும்.

அப்புறம் கழனித்தொட்டி. மாடு இல்லாத வீட்டில் அது சும்மாதானே கிடக்கிறது. அதில் பாதி உயரத்துக்கு வைக்கோலைப் போட்டு, காலைச் சாப்பாட்டில் பாதியை, அவித்த ஈரல் துண்டு, கருவாடு, இட்லித் துண்டு என்று அங்கங்கே புதைத்துவிடுவோம். இதுதான் செவலைக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் கவனித்தேன். விட்டு விட்டு மூச்சு இழுக்காது, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி அடுத்தடுத்து சின்னச் சின்ன இழுப்பு. மூக்குத் துவாரத்தின் பக்கத்தில் ஒரு கீறல் மாதிரி இருக்கிறதே, மூச்சு அதன் வழியாகத்தான் பக்கவாட்டில் வெளியேறுகிறது. வைக்கோல் தூசி முன்னால் பறக்காமல் இரண்டு பக்கமும் எழும்பியது. நமக்கு மோப்பத்துக்கான செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். அவ்வளவையும் வைத்துக்கொண்டு அது இரண்டு மாதம் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பதினைந்து இருபது நிமிடம் தொட்டியைக் கிளறிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தால் மதியம் வரை சத்தமே இருக்காது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் பாதம் வைக்க முடியாதபோது இது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வைக்கோலில் சுணை இல்லாமல் உதறிப் போடுங்கள். நாய் தொடர்ந்து தும்மினால் நிறுத்திவிடுங்கள், மூக்கில் ஏதாவது குத்தியிருக்கும்.

போர்வெல் போட்டபோது மிஞ்சிய 4 அங்குல பைப்பில் ஒரு அடி வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உடம்பில் ஐந்தாறு ஓட்டை போட்டதும் அப்பாதான். வெட்டிய விளிம்பையும் ஓட்டையையும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார். உள்ளே நாய்த் தீனி உருண்டைகளைப் போட்டு உருட்டிவிட்டால் மூக்கால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக விழும். முதல் நாள் அதைப் பார்த்துக் குரைத்தது. ஓட்டை சின்னதாக இருந்ததால் எதுவும் விழவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெரிதாக்கியதும் சரியாகிவிட்டது. எதைச் செய்தாலும் முதலில் சுலபமாக வையுங்கள், ஜெயிக்காத விளையாட்டை நாய் இரண்டாம் நாள் தொடாது. பைப்பைக் கடித்து உடைக்கிற நாயாக இருந்தால் இது வேண்டாம்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழைய சணல் சாக்கைக் கிழித்து, பட்டை பட்டையாக முடிச்சுப் போட்டு ஒரு விரிப்பு செய்தோம். முடிச்சுகளுக்கு நடுவில் தீனியை ஒளித்து வைப்போம். நன்றாகத்தான் தேடியது. ஒருநாள் அதை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். தீனி தீர்ந்த பிறகு சும்மா இருந்த நாய் ஒரு முழம் சணலை விழுங்கிவிட்டது. இரண்டு நாள் வாந்தி, சோறு தொடவில்லை. நூல், சணல் மாதிரி நீளமான பொருள்தான் குடலுக்கு ஆகவே ஆகாதாம், ஒரு முனை சிக்கிக்கொண்டால் குடல் சுருங்கி அறுபட்டுவிடும் என்றார் மருத்துவர். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் நாம் பிடித்து இழுக்கவே கூடாதாம், உடனே அழைத்துவர வேண்டுமாம். எங்கள் நல்ல நேரம், மூன்றாம் நாள் தானாக வந்துவிட்டது. அந்த இரண்டு இரவும் அப்பா கொல்லையில்தான் படுத்தார்.

சாக்கு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். அப்பா கடைசியாகச் செய்த குறுவையை அறுத்து ஒரு கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். எந்த ஊர் என்று எழுதவில்லை. சாக்கு வரவில்லை, சாக்கு வரவில்லை என்று ஒன்பது நாள். மூட்டைக்கு 40 கிலோ பிடிக்கிற சாக்கு இல்லாமல் நெல் களத்திலேயே கிடக்கிறது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். சாக்கு இல்லாதது எங்கள் குற்றமா? மூடிய தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துவிட்டது. வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஈர நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்ததில்தான் அப்பாவின் முழங்கால் மொத்தமாகப் போனது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த ஒன்பது இரவும் செவலை அந்தக் குவியலைவிட்டு நகரவில்லை. அந்த நாயைத்தான் கொண்டுவந்து சங்கிலியில் கட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாட்டு நாய்க்குப் போய் விளையாட்டுச் சாமானா, இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பழக்கம் என்று சிலர் எழுதுவார்கள். எங்கள் தெருவிலும் சொன்னார்கள். உள்ளே தீனி திணித்துக் கொடுக்கிற 'காங்' என்ற ரப்பர் பொம்மை கடைகளில் விற்கிறதே, அது முதலில் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் 1970களில் ஜோ மார்க்கம் என்பவர் தன் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பிரித்து வேலை செய்துகொண்டிருந்தபோது, கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த அவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட், வேனில் இருந்து கழற்றிய ஒரு ரப்பர் பாகத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதைப் பார்த்துச் செய்ததுதான். அங்கே வேன், இங்கே பணியாரச் சட்டி. மனிதனுக்கே சோறு இல்லாதபோது நாய்க்கு ஈரலா என்பவர்களுக்கும் சொல்கிறேன், கூடுதலாக எதுவும் போடுவதில்லை. தட்டில் வைக்கிற அதே சாப்பாட்டைத்தான் ஒளித்து வைக்கிறோம். கூடுதலாகப் போட்டால் நாய் கொழுத்துவிடும்.

கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு வெறும் சட்டியில் வறுத்துப் போடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் எந்த விளையாட்டிலும் வேண்டாம், நாய்க்கு விஷம். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குத்தும். மக்காச்சோளக் கட்டையும் தேங்காய் நாரும் குடலை அடைக்கும். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அடியில் தீனி வைப்பதும் நல்ல விளையாட்டுதான், விளிம்பைத் தேய்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தீனி முடிந்ததும் எதுவானாலும் எடுத்து வைத்துவிடுங்கள். நான் மருத்துவர் இல்லை. காலில் புண், வாந்தி என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் இதெல்லாம்.

செவலையின் காலில் முடி முளைக்க நான்கு மாதம் ஆனது. இப்போதும் மழை விடாமல் பெய்து இரண்டு நாள் தொட்டியில் வேலை இல்லாவிட்டால் அதே இடத்தை நக்க ஆரம்பிக்கும், அப்பா உடனே பணியாரச் சட்டியை வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

மாடி வீட்டில் தொட்டிக்கும் வைக்கோலுக்கும் எங்கே போவது என்று கேட்பீர்கள். இன்றைக்கு ராத்திரியே ஒரு பழைய துண்டைத் தரையில் விரித்து, நீளத்துக்குத் தீனியைத் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கொடுங்கள். முதலில் தளர்வாகச் சுருட்டுங்கள், மூக்கால் தள்ளினாலே விரிய வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். நாய்க்கு என்ன வயது, எதையும் கடித்து விழுங்குகிற பழக்கம் உண்டா என்று கீழே எழுதினால் அப்பாவிடம் கேட்டுவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.