ஒரு பேராசிரியர் தேவை: வாசகர் கேள்விகள்

ஆய்வு வாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை பதில் அளிக்கும் பகுதி இது. இந்த முறை மூத்த பேராசிரியர் நியமனம் பற்றியே பல கடிதங்கள் வந்திருந்தன.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகம் மூலக்கூறு ஊட்டச்சத்தியலுக்கென்று மூத்த பேராசிரியர் பணியிடம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. உயிர்வேதியியல் துறை ஒரு விதமான ஆளைக் கேட்கிறது. ஊட்டச்சத்தியல் துறை வேறு விதமான ஆளைக் கேட்கிறது. இரு தரப்புக்கும் பொருந்தும்படி விளம்பரத்தை எப்படி எழுதுவது?
– ஒரு துறைத் தலைவர்

பதில்: இரு தரப்புக்கும் பொருந்தும்படி எழுதவே எழுதாதீர்கள். முதலில் இரு துறையினரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, வரப்போகிறவர் அடுத்த பத்து ஆண்டுகளில் எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று பேசி முடியுங்கள். விளம்பரம் அதன் பிறகு ஒரு மணி நேர வேலை.

உணவிலுள்ள சத்துகள் உடலின் மூலக்கூறுகளில் என்ன செய்கின்றன என்று ஆராயும் இந்தத் துறையின் பரப்பு அப்படிப்பட்டது. நாம் உண்ணும் வைட்டமின் ஏ உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. அது செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பிகளோடு சேர்ந்து, சில மரபணுக்களை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. இதை ஆராய்கிறவருக்குச் செல் வளர்ப்புக் கூடம் வேண்டும். ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் 677-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களின் ஃபோலேட் தேவை மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கிறவருக்கு, ஏராளமானவர்களின் ரத்த மாதிரிகளும் நல்ல புள்ளியியலாளரும் வேண்டும். மூன்றாமவர் தன்னார்வலர்களைத் தங்க வைத்து, ஒவ்வொரு வேளை உணவையும் கிராம் கணக்கில் எடைபோட்டுக் கொடுத்து, தட்டில் மிஞ்சியதையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்கிறவர். அவருக்கு வேண்டியது சமையற்கூடம், உணவியல் வல்லுநர், செவிலியர், அறநெறிக் குழுவின் ஒப்புதல். மூவருமே மூலக்கூறு ஊட்டச்சத்தியலாளர்கள்தாம். ஆனால் ஒருவருக்காகக் கட்டிய ஆய்வகம் மற்றவருக்கு உதவாது.

மரபணுவியல், குடல் நுண்ணுயிரிகள், குழந்தை ஊட்டச்சத்து, உடல் பருமன், கணினிப் பகுப்பாய்வு எல்லாவற்றிலும் தேர்ச்சி கேட்கும் விளம்பரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மனிதர் கிடையாது. தகுதியானவர்கள் அதைப் படித்ததுமே, இந்தத் துறைக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை என்று தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரு மூத்த பேராசிரியருக்கு ஆகும் செலவில் இளம் ஆய்வாளர்கள் சிலரை நியமித்துவிடலாமே?
– ஓர் இணைப் பேராசிரியர்

பதில்: நியாயமான கேள்வி. மூத்தவர் வந்து தம் ஆய்வை மட்டும் தொடர்வார் என்றால் உங்கள் யோசனைதான் சரி. மூத்தவரால் மட்டுமே ஆகிற காரியங்கள் சில இருக்கின்றன. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் கருவுற்ற தாய்மார்களின் பிள்ளைகளை, அவர்கள் அறுபது வயதை நெருங்கியபோது ஆராய்ந்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின் மேல் ஒட்டியிருந்து அதன் இயக்கத்தை மாற்றக்கூடிய மெத்தில் குறிகள், பஞ்சத்துக்கு ஆளாகாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருப்பது 2008-இல் வெளியானது. கருவிலிருந்த முதல் வாரங்களின் பசி அறுபது ஆண்டுகளாக அந்த உடம்பில் பதிந்திருக்கிறது! இப்படிப்பட்ட ஆய்வுக்கு மருத்துவமனை, பழைய ஆவணங்கள், மரபணு ஆய்வகம், புள்ளியியல் எல்லாவற்றையும் பல ஆண்டுகள் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் இளைஞரிடம் அதைச் சுமத்துவது கொடுமை.

கேள்வி: தேர்வுக் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பித்தவர்களில் சிலருக்கு முந்நூறு கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. எச் குறியீட்டை வைத்து முதல் சுற்றில் வடிகட்டலாம் என்கிறார் குழுத் தலைவர். சரிதானா?
– குழு உறுப்பினர்

பதில்: சரியில்லை. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அந்த எண், ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று மட்டுமே சொல்லும். ஊட்டச்சத்தியலில் நூறு பேர் பெயர் போட்ட கூட்டாய்வுக் கட்டுரைகள் சாதாரணம். மாதிரிகளை அனுப்பி வைத்தவருக்கும், ஆய்வை வடிவமைத்தவருக்கும் அந்த எண் ஒரே அளவில் ஏறும். ஆராய்ச்சி மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானதே, இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான்.

ஒவ்வொருவரிடமும் அவரே தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தாம் செய்தது என்ன என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். குழுவினர் பங்கு போட்டுக்கொண்டு அவற்றை முழுமையாகப் படியுங்கள். நேரமில்லை என்பவர் குழுவில் இருக்க வேண்டாம்.

படிக்கும்போது நான் ஒன்றைத்தான் தேடுவேன். செல்லில் கண்டதை மனிதர்களிடம் சோதிக்க இவர் துணிந்தாரா? சோதித்தபோது விடை எதிராக வந்திருந்தால் என்ன செய்தார்? இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பேன்.

பீட்டா கரோட்டினை நினைத்துப் பாருங்கள். சோதனைக் குழாயில் அது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்தது. அதை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த கேரட் என்ற இன்னொரு சோதனையை 1996-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதோடு கதை முடியவில்லை. சிலர் மீண்டும் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஃபெரட் என்ற சிறு விலங்குக்கு அதிக அளவு பீட்டா கரோட்டின் கொடுத்துப் புகையையும் காட்டியபோது, நுரையீரல் திசுவில் ரெட்டினாயிக் அமிலம் குறைந்துபோவதைக் கண்டார்கள். மூலக்கூறிலிருந்து மனிதருக்குப் போய், அங்கே அடிபட்டு, மறுபடி மூலக்கூறுக்குத் திரும்பிக் காரணம் தேடியிருக்கிறார்கள். அந்தப் போக்குவரத்து ஒருவரின் ஐந்து கட்டுரைகளில் தெரிந்தால், அவரை நேர்காணலுக்கு அழையுங்கள்.

திருத்தம் வெளியிட்டிருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் சேர்ந்த மத்திய தரைக்கடல் உணவு முறையைச் சோதித்த பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. சிலரைக் குலுக்கல் முறையில் சரியாகப் பிரிக்கவில்லை என்று தெரிந்ததும், ஆய்வாளர்கள் 2018-இல் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். எனக்கு அப்படிப்பட்டவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

கேள்வி: நேர்காணல் எப்படி இருக்க வேண்டும்?
– அதே குழு உறுப்பினர்

பதில்: படக்காட்சியோடு கூடிய உரை ஒன்று இருக்கட்டும். ஆனால் முடிவு செய்ய உதவுவது அது இல்லை. கரும்பலகை முன்னால் சாக்பீஸ் மட்டும் கொடுத்து, இங்கே வந்தால் முதல் மூன்று ஆண்டுகள் என்ன செய்வீர்கள் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்களும் உட்காரட்டும், கேட்கட்டும்.

நான் தலைமை வகித்த ஒரு நேர்காணலில் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "உங்கள் எலிகள் உண்ட உணவில் அறுபது சதவீத ஆற்றல் கொழுப்பிலிருந்து வருகிறது. மனிதர் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லையே, இதிலிருந்து நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். விண்ணப்பித்தவர் பதில் சொல்லாமல் பலகையில் ஒரு கட்டத்தை அழித்தார். அங்கே குறைந்த கொழுப்புள்ள இன்னொரு குழுவை வரைந்தார். "இது இல்லாமல் நான் சொன்ன முடிவு பாதிதான் நிற்கும். இங்கே வந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்" என்றார். அவர் பெயரை அன்று மாலையே முதலிடத்தில் எழுதினேன். அதே நாளில் இன்னொருவர், தம்மிடம் கேள்வி கேட்ட ஒரு மாணவனைப் பார்க்காமல் குழுத் தலைவரான என்னைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பித்தவர் பரிந்துரைத்த நடுவர்களின் கடிதங்களோடு நின்றுவிடாதீர்கள். அவரிடம் படித்து வெளியேறியவர்களோடு, அவருக்குத் தெரிவித்துவிட்டே, பேசுங்கள். எத்தனை பேர் முனைவர் பட்டத்தை முடித்தார்கள், முடிக்காதவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: உணவு நிறுவனங்களிடம் நிதி பெற்றவரை நியமிக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: நியமிக்கலாம், ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு. முடிவை வெளியிடும் உரிமை ஆய்வாளரிடம் இருந்ததா, நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திருந்ததா என்பதே கேள்வி. 1967-இல் கொழுப்பின் மேல் பழியைப் போட்டு, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டிய ஓர் ஆய்வுத் தொகுப்புக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலினர் பணம் கொடுத்திருந்தது 2016-இல்தான் ஆவணங்களோடு வெளிவந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதனால்தான் விண்ணப்பத்தோடு நிதி விவரம் முழுவதையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: எங்கள் பேராசிரியரை வேறு பல்கலைக்கழகம் அழைத்திருக்கிறது. நான் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. என் மாதிரிகள் எல்லாம் அவருடைய உறைபெட்டியில் இருக்கின்றன. என்ன ஆகும்?
– ஆய்வு மாணவி

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. நியமிக்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விஷயமும் இதுதான். தன்னார்வலர்கள் தந்த ரத்தம் பேராசிரியரின் சொந்தச் சொத்து இல்லை. அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மாதிரிகள் வேறு நிறுவனத்துக்குப் போக அதில் இடமிருக்கிறதா? இருந்தாலும் இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும், அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும். ஆகவே இன்றே ஆரம்பியுங்கள். மைனஸ் 80 டிகிரிப் பெட்டியைத் திறந்து, எந்தத் தட்டில் எந்தக் குழாய் என்று பட்டியல் எடுங்கள். எழுத்து அழிந்த குழாய்களுக்கு இப்போதே புதிய சீட்டு ஒட்டுங்கள். ஆர்என்ஏ மாதிரிகளைப் பாதியாகப் பிரித்து, இரு தவணையாக அனுப்புங்கள். வழியில் உலர்பனி தீர்ந்தாலும் எல்லாம் போய்விடாது. உங்கள் பதிவு பழைய இடத்திலேயே இருந்து, பேராசிரியர் வெளி வழிகாட்டியாகத் தொடர்வது பெரும்பாலும் நல்லது. அதை வாய்வார்த்தையாக விடாமல், அவர் விலகும் முன்பே கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூத்த பேராசிரியர் பதவி ஒன்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கணவரும் ஆய்வாளர். கையெழுத்திடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: கணவரின் வேலையை முதலில் பேசுங்கள். கடைசியில் சொன்னால் அவர்களாலும் ஏற்பாடு செய்ய முடியாது. அடுத்து, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி இருக்கிறது என்பார்கள். அதை இயக்க நிரந்தரப் பணியாளர் இருக்கிறாரா, பராமரிப்பு ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். மின்சாரம் போனால் உறைபெட்டிக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று நேரில் போய்ப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, முதல் ஆண்டில் சலுகை உண்டா என்பதும் தெரிய வேண்டும். சம்பளத்தில் சிறிது விட்டுக்கொடுத்தாலும், ஆய்வக உதவியாளர் பணியிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அது நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டு வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.