மாதம் 992 யூரோ போதுமா?

தம்பி, அக்டோபரில் முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனி வருகிறீர்கள். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) கட்டிய 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும், வீட்டில் மேற்கொண்டு கேட்காமல் அதிலேயே ஓட்டிவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் ஊரையும் அறையையும் பொறுத்துத்தான். லைப்ஸிக், கெம்னிட்ஸ் போன்ற ஊரில் மாணவர் விடுதி அமைந்தால் கொஞ்சம் மிச்சம்கூடப் பிடிக்கலாம். மியூனிக்கில் தனியார் அறை என்றால் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே ஸ்டுடென்டன்வெர்க் (மாணவர் நல அமைப்பு) விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

992-ஐ முழுதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். முதல் வேலையாக மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 150 யூரோ போய்விடும். 30 வயதுக்குள் இருந்தால்தான் இந்த மாணவர் கட்டணம். மீதியில்தான் வாடகை, சாப்பாடு, போன் எல்லாம்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் முதல் இரண்டு மாதங்களைப் பற்றித்தான். வந்து இறங்கியதும் 992 வந்துவிடாது. முகவரியைப் பதிய வேண்டும் (இங்கே அன்மெல்டுங் என்பார்கள்), வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், அதன் பிறகுதான் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வரத் தொடங்கும். ஆனால் வாடகையும் முன்பணமும் அதற்கு முன்பே கேட்பார்கள். முன்பணம், அதாவது கௌட்சியோன், மூன்று மாத கால்ட்மீட்டே (ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத வாடகை) வரை இருக்கலாம். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே இடம் தருகிறது, தயங்காமல் கேளுங்கள். வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல் முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி. பிளாக்டு அக்கவுண்டைத் தொடாமல் ஆயிரத்தைந்நூறு யூரோவாவது தனியாகக் கொண்டுவரச் சொல்வேன்.

அப்புறம், மாதாமாதம் வராத செலவுகள். செமஸ்டர் கட்டணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதை ஆறால் வகுத்து மாதம் தவறாமல் ஒதுக்குங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ படிப்புக் கட்டணமும் உண்டு. பல இடங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே பயணச்சீட்டும் அடங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். டிவி, ரேடியோவுக்கான ஒளிபரப்புக் கட்டணம் மாதத்துக்கு 18.36 யூரோ வீதம், ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லையே என்று அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

ஹீட்டர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் பட்டது அது. என் முதல் குளிர்காலத்தில் காற்று வரட்டும் என்று ஜன்னலைச் சாய்த்துத் திறந்துவைத்து, ஹீட்டரையும் நாள் முழுக்க ஓடவிட்டேன். வாடகையில் எல்லாம் அடக்கம் என்று நினைத்திருந்தேன். வார்ம்மீட்டேயில் (ஹீட்டர் செலவும் சேர்ந்த வாடகை) ஹீட்டருக்காகச் சேர்த்திருக்கும் தொகை பல வீடுகளில் முன்கூட்டிக் கட்டும் தோராயத் தொகைதான். கணக்கு முடிந்து அடுத்த வருடம் பாக்கிச் சீட்டு வந்தபோது அரை மாத வாடகைக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அந்த மாதம் நண்பரிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தேன். நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், இது நிலையான தொகையா, வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். காற்றுக்கு, ஹீட்டரை மூடிவிட்டு ஐந்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்தால் போதும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சமைத்துச் சாப்பிட்டு, வகுப்பு நாளில் மென்சாவில் (பல்கலைக்கழக உணவகம்) மதியம் முடித்துக்கொண்டால் மாதம் 200, 250 யூரோவில் நன்றாகவே சாப்பிடலாம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

பகுதிநேர வேலையை முதல் செமஸ்டர் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம், ஜெர்மன் பேச வராவிட்டால் இன்னும் தாமதம். கிடைத்த பிறகு அந்தப் பணத்தை அடுத்த வருட விசா நீட்டிப்புக்குச் சேர்த்து வையுங்கள், அப்போதும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள்.

எந்த ஊர், விடுதியா தனி அறையா என்று முடிவானதும் எழுதுங்கள். அந்த வாடகையை வைத்து முதல் ஆறு மாதத்துக்கும் மாதவாரியாகச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.