மறு: 35 சதவீத வளர்ச்சி என்றால் நட்டம் ஈடாகிவிட்டதா?

வணக்கம். 1995இல் ருவாண்டாவின் பொருளாதாரம் ஏறத்தாழ 35 சதவீதம் வளர்ந்ததைக் காட்டி, இனப்படுகொலையின் பொருளாதார நட்டம் ஓராண்டிலேயே ஈடாகிவிட்டதென ஒப்படையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வாறு எழுத வேண்டாம். இனப்படுகொலை நடந்த 1994இல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. 100 ஆக இருந்தது 50 ஆன பின்பு 35 சதவீதம் வளர்ந்தாலும் 67.5 தான் வரும். தலா வருமானத்தையும் எச்சரிக்கையோடு கையாளுங்கள்: கொல்லப்பட்டோரும் தப்பியோடியோரும் மக்கள்தொகையிலிருந்து நீங்குவதால் வகுக்கும் எண் சிறுத்து, எஞ்சியோர் செழித்தது போன்ற தோற்றம் உண்டாகும். மிகக் கொடிய கணக்கு இது.

நீண்டகால விளைவுக்குக் கம்போடியாவே தெளிவான சான்று. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் என்னும் கம்யூனிச இயக்கம் பணத்தையே ஒழித்து, படித்தவர்களைத் தேடிக் கொன்றது. 1980இல் ரியெல் நாணயம் மீண்டும் வெளியிடப்பட்டும் அதன்மீது முழு நம்பிக்கை திரும்பாததால், 1990களின் தொடக்கத்தில் ஐ.நா. பணிக்குழுவோடு பெருமளவில் வந்த அமெரிக்க டொலர் இன்றும் அங்கு புழங்குகிறது. ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் இழந்த நாடு, அவர்கள் பயிற்றுவித்திருக்க வேண்டிய தலைமுறையையும் சேர்த்தே இழக்கிறது. உங்கள் வாதத்தின் மையம் இதுவாக இருக்கட்டும்.

திருகோணமலையில் இருந்து எழுதும் நீங்கள் உங்கள் மாவட்டத்துச் சம்பூர்க் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006இல் போரால் இடம்பெயர்ந்த அம்மக்களிற் பலர் தம் காணிகளுக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 2009க்குப் பிந்திய தேசிய வளர்ச்சி வீதத்தில் அவர்களது உழப்படாத வயல்கள் தெரியமாட்டா. ஆகவே மாவட்டத் தரவைத் தனியே எடுத்து ஒப்பிடுங்கள்.