பிள்ளைக்கு விளங்காதது மனசா, கேள்வியா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஐந்து வயதும் நான்கு மாதமும். பிறந்ததிலிருந்து காது கேளாது, மூன்று வயதில் கொக்லியர் சத்திரசிகிச்சை (உள்காதில் கருவி வைத்து, வெளியே போடுகிற மெசினால் கேட்கச் செய்வது) செய்தோம். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவான், மூன்று நான்கு சொல் சேர்த்துக் கதைப்பான். போன மாதம் ஒரு இடத்தில் பரிசோதித்தார்கள். இரண்டு பொம்மைகளை வைத்துக் கதை சொல்லிக் கேள்வி கேட்டபோது பிழையான இடத்தைக் காட்டினான். மற்றவர்களின் மனதை விளங்கிக்கொள்ள இவனால் முடியவில்லை, ஓட்டிசமாகவும் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: தங்கச்சி, அந்தப் பொம்மைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொம்மை தன் மாபிளைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகும். அது போனதும் மற்றப் பொம்மை மாபிளை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கும். முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்? கூடைக்குள்தான், ஏனென்றால் மாற்றினதை அது காணவில்லை. காது கேட்கிற பிள்ளைகள் நான்கு, ஐந்து வயதில் இதைச் சரியாகச் சொல்லத் தொடங்குவார்கள். 1983இல் விம்மர், பேர்னர் என்ற இருவர் ஒரு சொக்லேட்டை வைத்துச் செய்த பரிசோதனை இது. 1985இல் லண்டனில் மாபிளை வைத்து ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் கேட்டபோது 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பொம்மைக் கதை பிழைத்தால் உடனே ஓட்டிசம் என்ற பேச்சு வருவது அதனால்தான்.

ஆனால் 1995இல் அவுஸ்திரேலியாவில் காது கேளாத 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இதே மாதிரிக் கேட்டுப் பார்த்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைவிட்டார்கள். அவர்களுக்கு ஓட்டிசம் இல்லை. அதே நேரம், தாய் தகப்பனும் காது கேளாதவர்களாக இருந்து பிறந்த நாளிலிருந்து சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகள், கேட்கிற பிள்ளைகளைப் போலவே உரிய வயதில் சரியாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் குறை காதிலும் இல்லை, மூளையிலும் இல்லை. "நான் மறந்திட்டன்", "அவளுக்குத் தெரியாது", "தங்கச்சி பொய் சொல்லுறா" என்று வீட்டில் நாள் முழுக்க ஓடுகிற கதை அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராததுதான் காரணம்.

உங்கள் மகனின் கணக்கைப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மெசினைப் போட்டுவிட ஒரு மாதமளவில் எடுக்கும். ஆகவே அவன் கேட்கத் தொடங்கி இரண்டு வருடமும் சில மாதங்களும்தான். பேச்சு மொழியில் அவன் இரண்டேகால் வயதுப் பிள்ளை, அந்த வயதில் கேட்கிற பிள்ளையும் இந்தக் கேள்வியில் பிழைவிடும். அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணும் அனுபவமும் அவனுக்கு இல்லையென்று நினைக்கவேண்டாம், எல்லாம் இருக்கிறது. அந்தப் பொம்மைக் கதைக்குள் அது வெளியே வர வழி கிடைக்கவில்லை.

இனி நீங்கள் திரும்பப் போய்க் கேட்கவேண்டியது. "மாபிள் முதல் எங்கே இருந்தது? இப்ப எங்கே இருக்கு?" என்று அவனிடம் கேட்டார்களா? இந்த இரண்டுக்கும் சரியாகக் காட்டாத பிள்ளைக்குக் கதையே போய்ச் சேரவில்லை, பொம்மை எங்கே தேடும் என்ற மூன்றாவது கேள்விக்கு அவன் காட்டியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கேள்வியை எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்றும் விசாரியுங்கள். "எங்க பார்ப்பாள்?" என்பது நம் பேச்சில் எங்கே தேடுவாள் என்றும் வரும், எங்கே காண்பாள் என்றும் வரும். காண்பது பெட்டிக்குள்தானே, பிள்ளை பெட்டியைக் காட்டினால் அவனில் என்ன பிழை? "வந்தவுடனே முதல் எங்க தேடுவாள்?" என்று கேட்பதுதான் சரி.

மெசினையும் மறக்கவேண்டாம். பல வருடங்களுக்கு முன், தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஒரு சின்னப் பிள்ளையை நான் பரிசோதித்தேன். எல்லாவற்றுக்கும் பிழையாகக் காட்டினாள், நானும் அப்படியே கோப்பில் எழுதினேன். அடுத்த கிழமை தாய் வந்து, காதுக்குப் பின்னால் போகிற வயர் லூசாகி விட்டுவிட்டுத்தான் வேலை செய்ததாகச் சொன்னார். நான் எழுதினதை வைத்து அவளை வேறு வகுப்புக்கு மாற்றுகிற பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தக் கோப்பைத் தேடிப்போய்த் திருத்தி எழுதினேன், இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டமான விஷயம் அது. அதிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, ஆறும் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொம்மையை எடுப்பேன். இதை நீங்களும் தினமும் காலையில் வீட்டில் செய்யலாம்.

ஓட்டிசமே இல்லை என்று ஒரு கடிதத்தைப் பார்த்து நான் சொல்லமாட்டேன், காது கேளாமையும் ஓட்டிசமும் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் அதற்குப் பார்க்கவேண்டியவை வேறு. மயிலைக் கண்டால் உங்களுக்கும் காட்ட விரலை நீட்டி, நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? சிரட்டையில் மண் போட்டுச் சோறு என்று உங்களுக்குத் தீத்த வருகிறானா? இதையெல்லாம் செய்கிறான் என்றால் அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு முறை பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் மெசின் போட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள். மற்றவர்களின் மனதை அவள் எவ்வளவு விளங்கிக்கொள்கிறாள் என்று நானே பார்த்து அறிய வழி உண்டா?
– முன்பள்ளி ஆசிரியை, மல்லாவி

பதில்: உண்டு ரீச்சர். 2004இல் வெல்மன், லியூ என்பவர்கள் இந்த விளக்கம் படிப்படியாக வருவதைக் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்பது முதல் படி. நான் நினைப்பதும் நீ நினைப்பதும் வேறாக இருக்கலாம் என்பது அடுத்தது, பிறகு காணாதவனுக்குத் தெரியாது என்பது, பிறகு ஒருவர் பிழையாகவும் நினைக்கலாம் என்பது, கடைசியில் உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிக்கலாம் என்பது. காது கேளாத பிள்ளைகளும் இதே வரிசையில்தான் ஏறுகிறார்கள், பிந்தி ஏறுகிறார்கள். ஆகவே "சித்தி அடைந்தாள், அடையவில்லை" என்று பார்க்காமல் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பாருங்கள்.

பேணிக்குள் வேறு சாமான் வைத்துக் கேட்கிற விளையாட்டும் உண்டு. அதற்கு விசுக்கோத்துப் பேணியை எடுக்கவேண்டாம். நம் வீடுகளில் அதற்குள் ஊசி நூல்தான் இருக்கும், அது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நெருப்புப்பெட்டிக்குள் புளியங்கொட்டை போடுங்கள். திறந்து காட்டி மூடிவிட்டு, இதைக் காணாத இன்னொரு பிள்ளையின் படத்தை வையுங்கள். தலைக்கு மேலே ஒரு வெறும் முகில் கீறி, நெருப்புக்குச்சிப் படத்தையும் புளியங்கொட்டைப் படத்தையும் கொடுத்து, அந்தப் பிள்ளை நினைப்பதை முகிலுக்குள் வைக்கச் சொல்லுங்கள். வாய் திறக்காமலே பதில் வரும். விசிறியை நிறுத்திவிட்டு, அவளுக்கு முன்னால் ஒரு மீற்றருக்குள் இருந்துகொண்டு செய்யுங்கள்.

இதைவிட முற்றத்தில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கீறின படத்தைக் கொண்டுவரும்போது உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுகிறாளா? நீங்கள் வேறு பக்கம் பார்த்தால், சொல்ல முன் உங்கள் சட்டையை இழுக்கிறாளா? எழுதி வையுங்கள், திகதியோடு.

கேள்வி: மே 18 அன்று, போரில் இறந்தவர்களை நினைக்கிற நாளில், அம்மம்மா மாமாவுக்கு விளக்குக் கொளுத்தி அழும்போது என் மகன், ஏழு வயது, பார்த்துச் சிரித்தான். மெசின் போட்டு நான்கு வருடம். எல்லோரும் ஏசினார்கள். இரக்கமே இல்லாத பிள்ளையா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை அம்மா. அம்மம்மா ஏன் அழுகிறா என்று அவனுக்கு யாராவது சொன்னீர்களா? அவனுடைய அக்காவுக்கும் ஒருவரும் இருத்திவைத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் குசினிக்குள்ளும் திண்ணையிலும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்ததை ஒட்டுக்கேட்டு வளர்ந்தாள். மெசின் கிட்ட நின்று சொல்வதை நன்றாகக் கொடுக்கும், அடுத்த அறையில் மெல்லக் கதைப்பதைக் கொடுக்காது. எங்கள் வீடுகளில் முக்கியமான கதையெல்லாம் மெல்லத்தான் கதைக்கப்படுகிறது. அதிலும் தமிழில் "மாமா வரமாட்டாராம்" என்றால், அது இன்னொருவர் சொன்ன கதை என்பதைக் காட்டுகிற அந்த "ஆம்" வசனத்தின் கடைசியில், குரல் இறங்கிப்போன இடத்தில் நிற்கிறது. அவனுக்கு மிஞ்சுவது கண்ணீரும் ஒரு விளக்கும்தான். காரணம் தெரியாத முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயத்திலும் சிரிப்பார்கள்.

படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் இருந்து சொல்லுங்கள். "இது மாமா. அம்மம்மாவின்ர மகன். மாமா இப்ப இல்லை. அம்மம்மா மாமாவை நினைக்கிறா, அதுதான் அழுகிறா." கையாலும் காட்டுங்கள், சைகை கூடாது என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். ஒரு தரத்தில் விளங்காது, பல தரம் சொல்லவேண்டும். அம்மம்மாவையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது, அவ சம்மதித்தால்.