அல்கோல் மங்குவதே தெரியவில்லையா?

வணக்கம். ஐந்து நாள் இரவு எட்டு மணிக்குப் பார்த்தும், பெர்சியஸ் குழுவிலுள்ள அல்கோல் விண்மீன் மங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் குறையில்லை, நேரம்தான் பொருந்தவில்லை.

அல்கோல் ஒன்றையொன்று சுற்றும் விண்மீன் இணை. அதில் மங்கலான துணை விண்மீன் பிரகாசமானதை மறைப்பது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை. மறைப்பு தொடங்கி முடியவே ஏறக்குறைய 10 மணி நேரம். மற்றபடி அல்கோல் எப்போதும்போல 2.1 பொலிவில்தான் இருக்கும் (இந்த அளவில் எண் கூடினால் ஒளி குறைவு). உச்ச மறைப்பில் 3.4 வரை இறங்கும். அந்த மாற்றம் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும்.

ஒரு உச்ச மறைப்பு விடிகாலை 2 மணிக்கு வந்தால், மூன்றாம் நாள் இரவு 10.49, அதற்கடுத்த மூன்றாம் நாள் மாலை 7.38. பிறகு பகலுக்குள் போய்விடும். அதனால் கணித்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்பே உட்காருங்கள். அரைமணிக்கு ஒருமுறை குறித்துவையுங்கள்.

இன்னொன்று: பொலிவை ஒப்பிட, பக்கத்திலுள்ள ரோ பெர்சி விண்மீனைப் பிடித்திருக்கிறீர்கள். அதுவே பொலிவு மாறும் விண்மீன், வேண்டாம். அல்மாக் (2.1), எப்சிலன் பெர்சி (2.9) ஆகிய விண்மீன்கள் இரண்டும் நல்ல அளவுகோல்.

1783-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் குட்ரிக் அல்கோலின் இந்தச் சுழற்சியை அறிவித்தபோது அவருக்கு வயது 18, காது கேளாதவர். ஏதோ ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்று அப்போதே ஊகித்தார்! விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராய்ந்து (நிறமாலை) ஜெர்மன் வானியலாளர் வோகல் அதை உறுதிசெய்தது 1889-இல்தான். உங்கள் குறிப்புகளை இங்கே போடுங்கள், வரைபடம் போட நான் உதவுகிறேன்.