'நாம்' என்று எழுதிவிட்டீர்களே!

கேள்வி: மனம் ஆழமாக ஏங்கிய ஆசை ஒன்று அப்படியே நிறைவேறிவிட்டால், அதற்காக நாம் கண்ணுக்குத் தெரியாமல் கொடுக்கும் விலை என்ன?

பதில்: ஆசையும் விலையும் இருக்கட்டும், அந்த 'நாம்' என்ற சொல்லில்தான் என் கண் நின்றுவிட்டது. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இத்தனை அருமையான வசதி கையில் இருந்தும் அதைக் குழப்பி எழுதுபவர்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். 'நாம் நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தோம்' என்று ஒரு கட்டுரையில் வந்ததைத் திருத்தப்போய், கூட வேலை பார்த்த நண்பர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. 'புரிகிறதல்லவா, அப்புறம் என்ன?' என்பது அவர் கட்சி. புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. இன்றைக்கும் இதில் நான் இறங்கி வரத் தயாரில்லை.

சரி, உங்கள் 'நாம்' இலக்கணப்படி சரிதான். விஷயப்படி சரியா என்பதுதான் சந்தேகம். வரம் கேட்கும்போது எல்லோரும் 'எனக்கு' என்றுதான் கேட்கிறார்கள். விலை மட்டும் பக்கத்தில் நின்றவர் தலையில் போய் விழுகிறது. அவர் எதையும் கேட்டிருக்கவே மாட்டார்.

மகாபாரதத்தில் வரும் மன்னன் யயாதியைப் பாருங்கள். சாபத்தால் வந்த முதுமையைக் கழற்றிப் போட வேண்டும், இன்னும் அனுபவிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மூத்த பிள்ளைகள் நால்வரும் முடியாது என்றுவிட, கடைசிப் பிள்ளை பூரு அப்பாவின் முதுமையை வாங்கிக்கொண்டு தன் இளமையைக் கொடுத்தான். ஆயிரம் வருஷம் அனுபவித்த பிறகு, அனுபவிப்பதால் ஆசை தணியாது என்று யயாதி கண்டுபிடித்ததை எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்த ஆயிரம் வருஷம் கிழவனாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கிரேக்கக் கதையிலும் இதேதான். விடியலின் தேவதை ஈயோஸ், தன் காதலன் தித்தோனஸுக்குச் சாகாவரம் கேட்டு வாங்கினாள், கூடவே இளமையைக் கேட்க மறந்தாள். கேட்டது அவள், சாகவும் முடியாமல் சுருங்கிச் சுருங்கிப் போனது அவன்.

கைகேயி விஷயத்தில் எனக்கு மனசு ஆறவே ஆறாது. போரில் உயிரைக் காத்ததற்காகத் தசரதன் தந்த இரண்டு வரங்கள், பல வருஷம் கேட்காமலே கிடந்தவை. அவற்றைக் கேட்டாள், கேட்டபடியே கிடைத்தது. கணவன் செத்தான், ராமன் காட்டுக்குப் போனான், அதெல்லாம் தெரிந்த கதை. யாருக்காகக் கேட்டாளோ அந்தப் பரதன் தாத்தா வீட்டிலிருந்து திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் அவள் கணக்கிலேயே இல்லாத செலவு. நாட்டையும் அவன் ஏற்கவில்லை, அண்ணனின் பாதுகையை வைத்துப் பதினான்கு வருஷம் நந்திக்கிராமத்தில் தவசிபோல் இருந்தான். 'உனக்கு என்னப்பா வேண்டும்?' என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டவருக்கு நஷ்டமே இல்லை என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரை வைத்து 1978இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நண்பரோடு பேசுவது, ஜோக் கேட்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில், பரிசு விழாதவர்கள் அளவுக்கு இவர்களுக்குச் சந்தோஷம் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலில் 'பத்திரிகை படிப்பது' என்றும் ஒன்று இருந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் சின்ன வயதிலிருந்து என் ஏக்கம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக வேண்டும். ஆனேன். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையையும் சும்மா படிக்க முடியவில்லை, பிழைதான் முதலில் கண்ணில் படுகிறது. இது என் பங்கு, இதைக் கொடுக்கலாம், பரவாயில்லை. இதழ் முடிக்கிற நாட்களில் நள்ளிரவு தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன், வருஷக்கணக்காக அப்படித்தான். போன மாதம் மகள் தன் சின்ன வயதுக் கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். 'ராத்திரியானா மொட்டைமாடியில படுத்துக்கிட்டு நாங்க நட்சத்திரம் எண்ணுவோம்பா' என்றாள்.

'நாங்க' என்றாள். திருத்த அதில் எதுவும் இல்லை.